முப்பத்தொன்றாம் நம்பர் உளி

இந்தியாவிலேயே சுத்தியலுக்கு சீட் நம்பர் போட்ட ஒரே மனிதர் எங்கள் கண்டக்டர்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன். சந்தேகம் உள்ளவர்கள் கள்ளக்குறிச்சிக்குப் போய் அவர் வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு வந்து என்னோடு சண்டை போடலாம். சுத்தியல் ஒன்பதாம் நம்பர். ரசமட்டம் பதினேழு. டிரில்லிங் மிஷின் கொஞ்சம் குண்டு என்பதால் நாற்பது, நாற்பத்தொன்று இரண்டையும் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாக உட்கார்ந்திருக்கும்.

அவர் கள்ளக்குறிச்சிக்கும் வெள்ளிமலைக்கும் ஓடுகிற மலை பஸ்ஸில் கண்டக்டர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். தெருவில் யாரும் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. அவர் மனைவிக்கு அவர் 'இன்னாங்க', எனக்கு 'அண்ணே', மற்ற எல்லோருக்கும் கண்டக்டர். நான் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக அந்த ஊருக்கு மாற்றலாகி வந்து, அவர் வீட்டு மாடியில் நான்கு வருடம் குடியிருந்தேன். ஒரு நாள் டியூட்டி, மறுநாள் ஓய்வு என்பது அவருடைய முறை. அதற்கு ஓய்வு என்று பெயர் வைத்த அதிகாரி, ஓர் ஓய்வு நாளில் அவரை நேரில் பார்த்திருந்தால் அந்த வார்த்தையையே ரத்து செய்திருப்பார்.

மனிதரால் உட்கார முடியாது. இருபத்தெட்டு வருடம் மலை வளைவுகளில் நின்றுகொண்டே போய் வந்த உடம்பு. சாப்பாட்டுத் தட்டை ஜன்னல் விளிம்பில் வைத்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியேதான் சாப்பிடுவார். ரசம் ஊற்றும்போது இடுப்பு லேசாக வலது பக்கம் சாயும். அங்கே ஏதோ ஒரு வளைவு வருகிறது என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்டவருக்கு மரவேலையில் எப்படி ஆசை வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"பஸ்ல எதுவும் வெச்ச எடத்துல நிக்காது தம்பி. மூட்டை உருளும், கோழி பறக்கும், பொம்பளைங்க பை கவுந்துக்கும். வூட்லயாவது வெச்சது வெச்ச எடத்துல இருக்கணும்ல?" என்றார்.

அதற்காக வீட்டின் முன் அறையை மொத்தமாக எடுத்துக்கொண்டார். பத்துக்குப் பன்னிரண்டு அறை. ஒரு சுவர் முழுக்க ப்ளைவுட். அதில் ஒவ்வொரு சாமானையும் வைத்து அதன் உருவத்தை மஞ்சள் பெயிண்டால் கோடு இழுத்து, உள்ளே நம்பர் எழுதியிருப்பார். உளியை எடுத்தால் உளி உருவம் காலியாகத் தெரியும். எது எங்கே போனது என்று தேடவே வேண்டாம். மொத்தம் ஐம்பத்திரண்டு சீட். இடது பக்கம் முதல் மூன்று சீட்டுக்கு மேலே 'மகளிர்' என்று எழுதியிருந்தது. கத்தரிக்கோல், திருப்புளி, ஒரு சின்னச் சுத்தி. இவற்றை வீட்டம்மா எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டம்மாவைத் தெருவில் ஸ்டெல்லா அம்மா என்பார்கள். ஸ்டெல்லா அவர்களுடைய ஒரே மகள், வடக்கனந்தலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த மூன்று சீட்டைப் பற்றி ஸ்டெல்லா அம்மாவின் அபிப்பிராயம் தெருவுக்கே தெரியும்.

"பெரிய மவராசன். மூணு சீட்டு குடுத்துட்டாரு. மீதி நாப்பத்தொம்போதுலயும் இவுரே குந்திக்கினு கீறாரு."

மரவேலை அறை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கடையில் எதைப் பார்த்தாலும், இது மட்டும் இருந்தால் நம் கை வேறு மாதிரி ஆகிவிடும் என்று தோன்றும். கண்டக்டருக்கும் அது இருந்தது. ஆனால் அவர் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தார். "பர்மிட் அம்பத்திரண்டுக்குத்தான். ஒண்ணு ஏறணும்னா ஒண்ணு எறங்கணும். மலையில ஸ்டாண்டிங் ஏத்தக் கூடாது." புதிதாக ஒரு கிளாம்ப் வாங்கி வந்துவிட்டால் அவ்வளவுதான், எதை இறக்குவது என்று மூன்று நாள் பஞ்சாயத்து. மாடிப்படி ஏறி வந்து என்னைச் சாட்சிக்கு அழைப்பார்.

"தம்பி, நல்லா யோசிச்சி சொல்லு. அந்த அரவட்ட அரம் போன வருசம் எத்தினி தபா வேலை செஞ்சிது?"

"எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

"மேலதான குடியிருக்க? சத்தம் கேட்டிருக்கும்ல?"

இறக்கிவிடப்பட்ட சாமானுக்கு எண்ணெய் பூசி, பேப்பரில் சுற்றி, தெருவில் தேவையுள்ள வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். பழைய இழைப்புளி ஒன்றை அப்படி இறக்கிய நாளில் மத்தியானம் சாப்பிடவே இல்லை. ஜன்னல் கம்பியை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நான் குடிவந்த முதல் வாரம் காலண்டர் மாட்ட ஒரு சுத்தியல் கேட்டுப் போனேன். தரையில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. அதைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டேன். "கோட்டுக்கு அப்பால நில்லு!" என்று ஒரு குரல். பின்வாங்கினேன். எத்தனை ஆணி, எந்தச் சுவர், பூச்சு எவ்வளவு கனம், வீட்டில் யார் யார் என்று விசாரணை நடந்தது. பிறகு தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்னால் '9' என்று எழுதி, ஓரத்தில் நகத்தால் ஒரு கிழிப்பு கிழித்து நீட்டினார். அதுதான் டிக்கெட். சாமானைத் திருப்பிக் கொடுக்கும்போது டிக்கெட்டையும் கொடுக்க வேண்டும். தேதி அதிலேயே இருப்பதால் யாரும் பொய் சொல்ல முடியாது.

நான் ஆணி அடிக்கிற சத்தம் கேட்டதும் மனிதருக்குப் பொறுக்கவில்லை, மேலேயே வந்துவிட்டார். காலண்டர் மாட்டியானது. அதற்காகக் கட்டில் நகர்ந்தது. கட்டிலுக்காக அலமாரி நகர்ந்தது. மாலைக்குள் என் சமையலறையில் கரண்டிகளுக்கு நம்பர் போட்டுவிட்டார். இன்றைக்கும் என் வீட்டில் தோசைத் திருப்பி நான்காம் நம்பர்.

இந்த ஏற்பாட்டுக்கெல்லாம் உயிர் மாலை ஆறு மணிக்கு இருந்தது. பஸ்ஸில் கடைசி ஸ்டேஜில் கணக்கை முடிப்பதுபோல, வாயில் விசிலை வைத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்று ஐம்பத்திரண்டையும் விரலால் தொட்டு எண்ணுவார். எல்லாம் ஏறியாகிவிட்டது என்றால் இரண்டு விசில். தெருவில் பாதி வீட்டில் அந்த இரண்டு விசிலைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். ஒரே விசிலோடு நின்றுவிட்டால் ஏதோ ஒன்று ஊர் சுற்றப் போயிருக்கிறது. தெருவே அப்படியே நின்று தன் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கும்.

எதிர் வீட்டு டெய்லர் ஒருமுறை கட்டிங் பிளேயர் வாங்கிப்போய் நான்கு நாள் கொடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை டெய்லரின் மகளுக்குக் காதுகுத்து. பந்தி நடந்துகொண்டிருக்கிறது. கண்டக்டர் வரிசையாக இலைகளுக்கு நடுவே நடந்து வந்தார். எல்லோரும் பரிமாற வருகிறார் என்று நினைத்து இலையை ஒழுங்குபடுத்தினார்கள். டெய்லர் முன்னால் நின்று குனிந்து, வெகு மரியாதையாக, "எறங்க வேண்டிய ஸ்டேஜ் தாண்டி நாலு நாளாவுது. எங்க போய்க்கினு இருக்கீங்க?" என்றார். டெய்லர் எச்சில் கையோடு எழுந்து போய் பிளேயரை எடுத்து வந்தார். மாமனார் வீட்டார் முன்னால் நடந்த அந்த அவமானத்தை அவர் இன்றுவரை மறக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஸ்டெல்லாவுக்கு ஒன்பதாம் மாதம் ஆனதும் அழைத்துவருவதாக ஏற்பாடு. முன் அறைதான் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு. காற்றோட்டமான அறை அது ஒன்றுதான் வீட்டில். மரவேலைச் சாமான்களை நிதானமாக ஒரு மாதத்தில் வேறிடம் மாற்றலாம் என்று கண்டக்டர் படம் வரைந்து வைத்திருந்தார். ஆனால் குழந்தைக்கு அவசரம். இருபது நாள் முந்திக்கொண்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் சேயும் நலம். நான்காம் நாள் டிஸ்சார்ஜ் என்றார்கள்.

ஸ்டெல்லா அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளேயே நின்றார்.

"இன்னாங்க, மூணு நாளுதான். இந்த பஸ்ஸ எங்க கொண்டும்போய் வுடுவீங்களோ தெரியாது. எம் பொண்ணும் பேத்தியும் இங்கதான் படுக்கணும்."

கண்டக்டர் லீவு போட்டார். மாடிப்படிக்கு அடியில் நான்கடி அகலத்தில் ஒரு சந்து, உடைந்த குடமும் பழைய பேப்பரும் கிடந்த இடம். மூன்றே நாளில் அதற்குள் ஐம்பத்திரண்டு பேரையும் ஏற்றினார். படி சாய்ந்து இறங்குகிற சரிவுக்குத் தக்கபடி உயரமான ரம்பங்கள் முன்னால், குள்ளமான அரங்கள் கடைசியில். மேஜையை மடக்கிச் சுவரோடு ஒட்டும்படி கீல் போட்டார். நான் ஆபீஸ் விட்டு வந்ததும் ப்ளைவுட் பிடிக்கிற வேலை. கிண்டல் செய்யத்தான் வந்தேன். ஆனால் அந்த ஏற்பாட்டைப் பார்த்தபோது உண்மையிலேயே எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது. முன் அறை கழுவித் துடைத்து, பினாயில் வாசனையோடு காலியாக இருந்தது.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மாலை ஆறு மணி. கண்டக்டர் புதுச் சுவர் முன்னால் நின்று எண்ணினார். ஒரு விசில் வந்தது. தெரு நின்றது. இரண்டாவது விசில் வரவே இல்லை.

முப்பத்தொன்றாம் நம்பர் காலி. கால் இஞ்ச் உளி. அவரிடம் இருந்ததிலேயே கூர்மையானது அதுதான். தீட்டி முடித்ததும் முன்கையில் ஓட்டி ரோமத்தை மழித்துப் பார்ப்பார்.

"விடுங்கண்ணே, எங்கயாவது இருக்கும்," என்றேன்.

"அந்த 'எங்கயாவது' இன்னா எடம்னு தெரியணும்ல? கடைசியா இருந்தது அந்த ரூம்ல. பரண் மேல சொருவிக்கினு இருந்து புள்ள மேல வுழுந்தா? ஜன்னல் சந்துல நின்னுக்கினு இருந்தா? ஸ்டெல்லா பாய் போட்டு கீழதான் படுப்பா. பச்ச ஒடம்புக்காரி, குனிஞ்சி பாப்பாளா?" குரல் ஏறிக்கொண்டே போனது. "உளி கெடைக்கிற வரைக்கும் அந்த ரூமுக்குள்ள யாரும் போவக் கூடாது."

தேட ஆரம்பித்தோம். பரண் பலகைகளைக் கழற்றினார். ஜன்னல் சட்டத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார். சாக்கடைத் துவாரத்தில் கம்பி விட்டுக் குடைந்தார். மூன்று மூட்டை மரத்தூள் வெளியே கட்டி வைத்திருந்தது. அதைப் பிரித்து, ஸ்டெல்லா அம்மாவின் மாவு சல்லடையில் போட்டு இருவரும் சலித்தோம். ஒன்றும் இல்லை. என் மூக்கு, காது, புருவம் எல்லாம் மரத்தூள். நானும் சேர்ந்துதான் சலித்தேன் என்பதைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான் சொல்லப்போகும் விஷயத்துக்கு அது முக்கியம்.

காலையில் ஸ்டெல்லா அம்மா போனை வைத்துவிட்டு வந்தார். "பதினோரு மணிக்கு பேரு வெட்டி அனுப்பிடுவாங்களாம். ஆட்டோ சொல்லியாச்சி. இன்னா பண்ணப் போறீங்க? பச்ச புள்ளைய தெருவுல வெச்சிக்கினு நிக்கறதா?"

கண்டக்டர் முற்றத்தில் மூன்று நடை நடந்தார். திடீரென்று நின்றார். "பஸ்ஸு! கடைசி டியூட்டி அன்னிக்கு பின்னாடி ஜன்னல் ஷட்டர் மாட்டிக்கிச்சி. சீவிவுட ஏதோ ஒண்ணு எடுத்துக்கினு போனேன். அது இதா, அரை இஞ்சா? நெனப்பு வர்ல." மணி ஏழரை. அவர் வண்டி ஆறு மணிக்கே மலைக்குப் போய்விட்டது. டிரைவருக்குப் போன் போட்டால் சிக்னல் இல்லை. "தம்பி, பைக்க எடு."

எடுத்தேன். ஆபீஸுக்கு லீவு சொல்லக்கூட விடவில்லை. அவர் பின்னால் உட்காரவில்லை. ஃபுட்ரெஸ்ட்டில் ஏறி நின்றுகொண்டு என் தோளைக் கம்பி மாதிரி பிடித்துக்கொண்டார். வடக்கனந்தலில் சம்பந்தியம்மாள் பேத்தியைப் பார்க்கப் பூவும் பையுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார்.

"சம்மந்தி, எங்க இந்தப் பக்கம் போறீங்க? புள்ள அங்க வருது!"

"பதினோரு மணிக்குள்ள வந்துடுவேங்க! உளி தேடிக்கினு போறேங்க!" என்று கத்திக்கொண்டே கடந்துபோனார். திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மாள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தார்.

மலை ஏறத் தொடங்கியதும் விசிலை எடுத்துவிட்டார். வளைவுக்கு ஒரு விசில். "ரைட்ல வா… வா… வா… ஹோல்டான்! லாரி வருது, ஒதுங்கு." எனக்கு அந்தப் பாதை தெரியும் என்று சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. அவர் பிடி இறுகிக்கொண்டே போவது தோளில் தெரிந்தது. மனிதர் வளைவுக்குப் பயப்படவில்லை என்பதும் தெரிந்தது.

ஆறேழு வளைவு தாண்டியிருப்போம். சாலையோரத்தில் ஒரு பெண் பலாப்பழங்களைக் குவித்து வைத்திருந்தாள். ஒன்றைப் பிளந்து வைத்திருந்தாள். அந்த வாசனை மூக்கில் ஏறிய அதே நொடியில் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

ஐந்து நாளைக்கு முன்னால் ஆபீஸ் நண்பர் ஒருவர் எனக்கு ஒரு மலைப் பலா கொடுத்தார். என் கத்தி அதன் தோலில் நுழைய மறுத்தது. கண்டக்டர் டியூட்டிக்குப் போயிருந்தார். முன் அறை திறந்திருந்தது. ஐந்து நிமிடத்தில் திருப்பி வைத்துவிடலாம் என்று, டிக்கெட் இல்லாமல், மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய், கைக்கு வாகாக இருந்த கால் இஞ்ச் உளியை எடுத்துக்கொண்டேன். உளி வெண்ணெய்போல இறங்கியது. உள்ளங்கை முழுக்கப் பிசின். பழத்தைத் தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டேன். அன்று மாலை சத்தம் ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் அன்று அவர் வண்டி பஞ்சராகி வருவதற்கு நேரமாகிவிட்டது. மறுநாளே குழந்தை பிறந்து வீடு தலைகீழாகிவிட்டது. சாமானெல்லாம் பெட்டியில் போய்விட்டதால் எண்ணிக்கையும் நின்றுபோயிருந்தது.

அதாவது, உளியை எடுத்தவன் நான். அதைத் தேடி மூன்று மூட்டை மரத்தூளைச் சலித்தவனும் நான். அது என் சமையலறையில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

உடனே வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு வளைவு தூரம் நான் கோழையாக இருந்தேன். நேராக வீட்டுக்குப் போய் அதைத் தோட்டத்தில் எங்காவது போட்டு, 'இதோ பாருங்கண்ணே' என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் என்ன என்றுகூட ஒரு திட்டம் போட்டேன். அதற்குள் கரியாலூருக்கு முன்னால் அவருடைய பஸ்ஸே எதிரில் இறங்கி வந்துவிட்டது.

கண்டக்டர் குதித்து இறங்கி நடுரோட்டில் நின்று ஒரு விசில் கொடுத்தார். அந்த விசிலுக்குப் பழகிப்போன வண்டி அது. டிரைவர் யோசிக்காமல் பிரேக் போட்டார். இவர் ஏறிவிட்டார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

"இன்னா கண்டக்டரே, லீவு நாள்லயும் வண்டியா?" என்று யாரோ சிரித்தார்கள்.

"எல்லாரும் தயவு பண்ணி கால கொஞ்சம் தூக்குங்க. ஒரு உளி காணம். பச்ச புள்ள வூட்டுக்கு வருது. கெடச்சாதான் புள்ள உள்ள போவ முடியும்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை வந்திருக்கும். அவர் சொன்னதால் பஸ் முழுக்கக் கால்கள் மேலே போயின. கண்டக்டர் மண்டிபோட்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, சீட் சீட்டாகத் தவழ ஆரம்பித்தார். சாமை மூட்டைக்கு அடியில் கையை விட்டார். கோழிக்கூடையை நகர்த்திப் பார்த்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கறுத்துக்கொண்டே போனது. ஒரு சீட்டுக்கு அடியிலிருந்து வெளியே வந்து அடுத்த சீட்டுக்கு அடியில் நுழையும்போது அவர் மூச்சு வாங்கியது. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அண்ணே, எழுந்திருங்க. உளி பஸ்ல இல்ல."

சீட்டுக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "உனக்கு எப்டி தெரியும்?"

"என்கிட்டதான் இருக்கு. பலாப்பழம் அறுக்க எடுத்தேன். மறந்துட்டேன். மாடியில என் சிலிண்டருக்குப் பின்னால இருக்கு."

கால்கள் எல்லாம் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தன. கோழிக்கூடை வைத்திருந்த அம்மாள்தான் முதலில் வாய் திறந்தார்.

"உளியில பலாப்பழம் அறுத்தியா? கத்தி இன்னாத்துக்குடா கீது வூட்ல?"

"டிக்கெட்டு வாங்கினானா கேளுங்க," என்றார் டிரைவர். அவருக்கும் வீட்டு நடைமுறை தெரியும்போல.

கண்டக்டர் எழுந்து என்னை நோக்கி வந்தார். முகமெல்லாம் தூசி. அறை விழப்போகிறது, விழட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் இரண்டு தோள்களையும் பிடித்தார்.

"ரூம்ல இல்லியே?"

"இல்லண்ணே."

"நெசமா ரூம்ல இல்லியே தம்பி? புள்ள படுக்கிற எடத்துல இல்லியே?"

"இல்லண்ணே. சத்தியமா இல்ல."

பஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரி சீட்டுல அது காலு அச்சு எடுத்து வெச்சிருக்காங்க தம்பி. மையில. இத்துனூண்டு காலு," என்று கட்டை விரலைக் காட்டினார். "நேத்துலேர்ந்து அந்த காலுதான் என் கண்ணு முன்னாலயே நிக்கிது."

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். எதுவும் அந்த அளவுக்கு என்னைக் கூசச் செய்ததில்லை. அவர் பக்கத்தில் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். அவர் என் முழங்காலில் இரண்டு தட்டு தட்டினார்.

அந்த வளைவில் மட்டும் போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. ஸ்டெல்லா அம்மாவை மாடிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னோம். ஸ்பீக்கரில் அவர் குரல் பஸ் முழுக்கக் கேட்டது.

"கீது, கீது. பிசினோட, எறும்பு மொய்ச்சிக்கினு கீது. ஏசப்பா! இதுக்கா எம் மாவு சல்லடைய பாழாக்குனீங்க ரெண்டு பேரும்?"

பஸ்ஸே கைதட்டியது. கால்கள் இறங்கின.

ஆட்டோ வருவதற்குப் பத்து நிமிடம் முன்னால் வீட்டில் இருந்தோம். பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற வேலை எனக்குத்தான் வந்தது, நியாயம்தானே. முப்பத்தொன்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஸ்டெல்லா குழந்தையோடு முன் அறைக்குள் போனாள். கண்டக்டர் ஐம்பத்திரண்டையும் எண்ணி முடித்து விசிலை வாயில் வைத்தார்.

"எப்பா! புள்ள தூங்குது!" என்று உள்ளேயிருந்து ஸ்டெல்லா.

விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அன்று மாலையும் விசில் இல்லை. ஏழு மணிக்குத் தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கவலையோடு வந்து எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். டெய்லர் தன்னுடைய சொந்தக் கத்தரியைக் கொண்டுவந்து, "இது என்னுதுதான். ஆனாலும் ஒரு தபா பாத்துடுங்க" என்றார்.

இதெல்லாம் நடந்து இரண்டு வருடம் ஆகிறது. முன் அறையை ஸ்டெல்லா அம்மா திருப்பிக் கொடுக்கவே இல்லை. பட்டறை படிக்கு அடியிலேயே நிலைத்துவிட்டது. எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. இங்கே பக்கத்து வீட்டுக்காரர் மிகவும் நல்லவர், எந்தத் தொந்தரவும் கிடையாது, அவர் என்ன வேலை செய்கிறார் என்றுகூட எனக்குத் தெரியாது.

போன வாரம் கண்டக்டர் போன் செய்தார். நலம் விசாரிக்கிற பழக்கமெல்லாம் அவருக்கு இல்லை.

"தம்பி, பேத்தி மாசத்துல பாதி நாளு இங்கதான் கீறா. நடக்குறா. இன்னிக்கு காலையில ஸ்டூல இழுத்துப் போட்டு ஏறி, ரம்பத்த தொட்டுட்டா. மொத்த செவுத்தயும் ஒரு அடி மேல ஏத்தணும். எப்ப வர்ற?"

"படிக்கட்டுக்கு அடியில ஏதுண்ணே இன்னும் ஒரு அடி?"

"அதான் நேத்துலேர்ந்து யோசிச்சிக்கினு கீறேன். நீ வா, பாப்போம்."

ஒரு சுவரை ஓர் அடி உயர்த்த சென்னையிலிருந்து ஆள் போக வேண்டியதில்லை. அந்தத் தெருவிலேயே பத்துப் பேர் கிடைப்பார்கள். ப்ளைவுட் பிடிப்பதில் எனக்கு அப்படி ஒன்றும் திறமையும் கிடையாது. மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்டக்டர் கூப்பிட்டுவிட்டார், போகாமல் எப்படி இருப்பது?